விருதுக்கு ஒரு விண்ணப்பம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எமது கல்லூரியிற் பயின்று, பட்டம் பெற்று, இன்று கொழும்பிலே வர்த்தக நிறுவனம் ஒன்றிற் கடமையாற்றும் பழைய மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். படிக்குங் காலத்தில் அவரைத் 'தம்பி' என்றே அழைத்துப் பழகியவன் நான்; இங்கும் அப்பெயரே இருக்கட்டும். கையிலே தடித்த கோப்பு ஒன்று இருந்தது. தேநீர் அருந்தி முடியுமுன்னரே அதனை விரித்து வைத்து, "ஐயா, எங்கள் கம்பனி இம்முறை ஒரு விருதுக்கு விண்ணப்பிக்கிறது. உங்கள் உதவி வேண்டும்" என்றார்.

வர்த்தக நிறுவனங்கள் தாம் ஈட்டும் இலாபத்தில் ஒரு பங்கினை ஊருக்கு நன்மை பயக்கும் பணிகளிற் செலவிடுவதை வாசகர்கள் அறிவீர்கள். பாடசாலைக்கு நூலகம், வைத்தியசாலைக்குக் கட்டில், வரண்ட ஊருக்குக் கிணறு என்று அப்பணிகள் விரிகின்றன. இதனைக் கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு என்று இந்நாளில் வழங்குகின்றனர். அப்பணியைச் செவ்வனே செய்த நிறுவனங்களைத் தெரிந்து பாராட்டும் விருதுகளும் பல உள. நம் நாட்டிலே, 1839ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை வர்த்தக சம்மேளனம், சிறந்த கூட்டாண்மைப் பிரஜைகளுக்கு விருது வழங்கி வருகிறது. இந்தியாவிலே மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தேசிய விருதுகளை முதன்முறையாக வழங்கிற்று. தம்பி கொண்டுவந்த படிவம் இவ்விரண்டிற்கும் உரியதன்று. அதன் பெயர் நமக்கு வேண்டா.

படிவத்தைப் படித்துப் பார்த்தேன். என்ன குறையைக் கண்டீர்கள், என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவிட்டீர்கள், பயனடைந்தோர் எத்தனை பேர், விளைந்த மாற்றம் யாது, அம்மாற்றம் நிலைத்திருக்க என்ன ஏற்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் இருந்தன. புகைப்படங்கள் வேண்டும், பயன்பெற்றோர் தரும் சான்றுக் கடிதமும் வேண்டும். ஒரு பரீட்சகன் என்ற முறையிற் கூறுகிறேன், நல்ல வினாத்தாள்தான்.

தம்பியின் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலுள்ள ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தது. அதனையே விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். 'பயனடைந்தோர்: 1,240 பேர்' என்று கண்டிருந்தது.

"அச்சிற்றூர்ப் பாடசாலையில் இத்தனை பிள்ளைகளா?" என்று வியந்தேன்.

தம்பி சிறிது தயங்கினார். "பிள்ளைகள் முந்நூற்றுப் பத்துப்பேர், ஐயா. வீட்டுக்கு நான்கு பேர் என்று பெருக்கினோம். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்றார்.

அவர் என்னை நாடி வந்த காரணம் பின்னரே புலப்பட்டது. அப்பாடசாலையின் அதிபர் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒருசாலை மாணாக்கராயிருந்தவர். அவரிடமிருந்து சிறந்த சான்றுக் கடிதம் ஒன்றைப் பெற்றுத் தருதல் வேண்டும். கடிதத்தின் நடையையும் நானே செப்பனிட்டுக் கொடுத்தால் நன்று. பன்னிரண்டு நாள்களில் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் கூறிவிடுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேறொரு பாடசாலையில் ஆசிரியனாயிருந்தபோது, நிறுவனம் ஒன்று எமக்கு ஆறு கணினிகளை அன்பளிப்புச் செய்தது. அதிபர் சுகவீன விடுமுறையில் இருந்தமையால் நன்றிக் கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. 'இவ்வன்பளிப்பினால் எம் மாணாக்கர் கணினி அறிவிற் சிறந்து விளங்குகின்றனர்' என்று அழகாக எழுதிக் கையொப்பமிட்டேன். அவ்வறைக்கு அன்றுவரை மின்னிணைப்பே கிடைத்திருக்கவில்லை! கொடுத்தவர் மனம் மகிழட்டும் என்று எண்ணினேனேயன்றிப் பொய் எழுதுகிறேன் என்று எண்ணவில்லை. அக்கடிதம் எந்தக் கோப்பிலே சேர்ந்து, எந்த நடுவரின் மேசைக்குப் போயிற்றோ நான் அறியேன். அந்த நினைவு உறுத்தவே, "கடிதத்தை எழுதலாம், தம்பி. எழுதுமுன் தண்ணீரை ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன்.

திங்கட்கிழமை விடுப்புப் பெற்றுக்கொண்டு தம்பியின் காரிலேயே புறப்பட்டேன். கண்டி வீதி வழியே ஆனையிறவைக் கடந்து, பின்னர் கிளைவீதியொன்றிற் பிரிந்து, மணல் ஒழுங்கைகள் சிலவற்றையுந் தாண்டிப் பாடசாலையை அடைந்தபோது இடைவேளை மணி அடித்துக் கொண்டிருந்தது.

இயந்திரம் இருந்த சிறிய அறை துப்புரவாக இருந்தது. முகப்பிலே பதித்திருந்த பித்தளைப் பலகையும் துலக்கப்பட்டுப் பளபளத்தது. ஆனால் குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை. இயந்திரம் நின்று ஏழு மாதங்கள் ஆகிவிட்டன என்றார் அதிபர்.

'ஆர்.ஓ.' என்று எல்லாரும் வழங்கும் இவ்வியந்திரத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. உவர் நீரை மிகுந்த அழுத்தத்தோடு நுண்ணிய சவ்வு ஒன்றினூடே செலுத்தினால், உப்புக்களிற் பெரும்பகுதி பின்தங்க, நன்னீர் மறுபுறம் வடியும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிப்பட்ட, காரணம் துலங்காத சிறுநீரக நோயின் அச்சத்தினால் இவ்வியந்திரங்கள் பல சிற்றூர்களுக்கும் வந்தன. ஆனால், வாங்கி வைத்தால் தானே ஓடும் பொருள் அன்று இது. மண்ணையும் தூசியையும் தடுக்கும் முன் வடிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படல் வேண்டும். நீரின் தன்மைக்கேற்ப ஓரிரு ஆண்டுகளிலோ சற்றுக் கூடுதலான காலத்திலோ சவ்வையும் மாற்றுதல் வேண்டும். ஒதுக்கி விடப்படும் உவர் நீருக்கு ஒரு வழி வகுத்தல் வேண்டும். இவை யாவும் பணம் கேட்பவை. பயிற்சி பெற்ற ஒருவரின் கையையும் கேட்பவை. திறப்பு விழாச் செலவுக் கணக்கிலே பந்தலும் பதாகையும் இருந்தன. வடிகளுக்கும் சவ்வுக்கும் ஒரு சதமேனும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

"நீங்கள் கம்பனிக்கு அறிவிக்கவில்லையா?" என்று அதிபரைக் கேட்டேன்.

"இரண்டு கடிதம் எழுதினேன். பொறுப்பாயிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். மூன்றாவது கடிதம் எழுத மனம் வரவில்லை. தந்தவர்களிடம் குறை சொன்னால் நாளைக்கு ஒரு கூரைத் தகடு கேட்டாலும் தருவார்களா?" என்றார்.

நான் அவரை நோக்கினேன். தம்பி நிலத்தை நோக்கினார். அவ்வேளையில், ஆறாம் வகுப்பில் பயில்பவள் போலத் தோன்றிய சிறுமி ஒருத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலுடன் எம்மருகே வந்து நின்று தம்பியின் கையிலிருந்த கமராவை உற்றுப் பார்த்தாள். "ஐயா, திரும்பவும் படம் எடுக்கவோ வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அக்கேள்வியிலே குத்தல் எதுவும் இல்லை. முன்னர் வந்தவர்கள் படம் எடுத்தார்கள், இவர்களும் அதற்கே வந்திருப்பார்கள் என்று அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அவ்வளவே.

திரும்பும் வழியில் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. ஆனையிறவு உப்பளத்தைக் கடக்கும்போது தம்பி வாய் திறந்தார். "படமெல்லாம் முன்னரே இருக்கிறது, ஐயா. கடிதம் ஒன்று இருந்தால் விண்ணப்பம் நிறைவாகிவிடும். நடுவர்கள் இவ்வளவு தூரம் வந்து பார்க்கப் போவதில்லை" என்றார். அது அவருடைய மனம் பேசிய பேச்சன்று. அலுவலகம் பேசிய பேச்சு. ஆதலின் கோபங்கொள்ளாது, அவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துச் சொன்னேன். இரண்டும் உலகறிந்தவை.

முதலாவது, இந்தியாவிலே சத்தியம் என்னும் கணினி நிறுவனத்தின் வரலாறு. நேர்மையான நிறுவன ஆளுகைக்கெனப் 'பொன் மயில்' விருது ஒன்றை அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் பெற்றது. நான்கு மாதங்கள்கூடக் கழியவில்லை. 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி அதன் தலைவர் கடிதம் எழுதி, கணக்கேட்டிற் காட்டிய பணத்திலே 5,040 கோடி இந்திய ரூபா உண்மையில் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். விருது மீளப் பெறப்பட்டது.

இரண்டாவது, ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் கதை. அதன் டீசல் கார் ஒன்று அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றினால் 2009ஆம் ஆண்டின் பசுமைக் கார் எனத் தெரிவு செய்யப்பட்டது. 2015ஆம் ஆண்டு செப்ரெம்பரில், சூழலையும் சமூகத்தையும் பேணும் நிறுவனங்களை வரிசைப்படுத்தும் டோ ஜோன்ஸ் சுட்டெண்ணிலே, கார்த் தொழிலின் முதலிடமும் அதற்கே கிடைத்தது. அதே மாதம் 18ஆந் திகதி அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் உண்மையை வெளியிட்டது. தான் சோதிக்கப்படுவதை உணர்ந்து, அவ்வேளையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் கணினி நிரல் அக்கார்களிற் பொருத்தப்பட்டிருந்ததாம்! வீதியில் ஓடும்போதோ, விதித்த அளவிலும் நாற்பது மடங்குவரை நச்சு வாயு வெளிவந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில் அந்நிரல் இருந்தமை பின்னர் தெரிந்தது. சுட்டெண்ணிலிருந்து நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டது. பசுமைக் கார் என்னும் பட்டமும் பறிபோயிற்று.

"நாங்கள் அப்படியா செய்தோம், ஐயா? நல்ல எண்ணத்தோடுதானே இயந்திரம் கொடுத்தோம்!" என்றார் தம்பி.

உண்மைதான். அவர்கள் களவு செய்யவில்லை; நன்மையே செய்யப் புகுந்தனர். ஆயினும், சோதனை வேளையில் மட்டும் நல்ல புகை விட்ட காருக்கும், திறப்பு விழா நாளில் மட்டும் நல்ல தண்ணீர் தந்த குழாய்க்கும் விண்ணப்பப் படிவத்திலே வேறுபாடு காண இயலுமா? இரண்டிலும் காட்டும் நாள் ஒன்று, வாழும் நாள் வேறு.

ஈகையைப் பறைசாற்றலாகாது, கைம்மாறு கருதாத மழைபோற் கொடுத்தல் வேண்டும் என்பது நம்மவர் நெடுங்காலம் போற்றிய அறம். அவ்வாறாயின் விருதுக்கு விண்ணப்பிப்பதே தவறோ எனச் சிலர் வினவலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கோயிலுக்குக் குழல் விளக்கு வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே மறையும் அளவிற்கு 'உபயம்' என்று பெயர் எழுதுவிப்பவரை நாம் நகையாடுகிறோம். ஆனால் நம் முன்னோரும் கொடையைக் கல்லிலே வெட்டியே வைத்தனர். என்ன வெட்டினார்கள் என்பதையே நோக்குதல் வேண்டும்.

முதலாம் இராசராச சோழன் 985 முதல் 1014 வரை அரசு புரிந்தவன். அவன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்களிலே நந்தா விளக்குக்கு விட்ட கொடைகள் கூறப்படுகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் இன்னார். அவர் நாளொன்றுக்கு அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு. அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று வழங்கினர். ஆடு மூப்பதும் இறப்பதும் அவர்கள் அறியாததன்று. மூப்பனவற்றுக்கும் இறப்பனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் வளர்ந்து வரும், எண்ணிக்கை குறையலாகாது, விளக்கு அணையலாகாது என்பதே அதன் பொருள். மன்னனின் பெருமையை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தியும் அங்கே உண்டு. ஆனால் அதன் கீழே கணக்கும் உண்டு. வன்னிப் பாடசாலையின் பித்தளைப் பலகையிலே மெய்க்கீர்த்தி மட்டும் இருந்தது. ஆடுகளைப் பற்றி எவரும் எண்ணவில்லை.

ஆதலின், விருதுக்கு விண்ணப்பிக்க விரும்புவோர்க்குச் சில கூற விரும்புகிறேன். நிறுவனங்களிற் கடமைபுரியும் பெற்றோரும் பழைய மாணாக்கரும் இப்பகுதியைப் படிக்கின்றனர் என்பதை அவர்கள் எழுதும் கடிதங்களால் அறிவேன்.

விண்ணப்பம் எழுதுமுன், பணி நடந்த இடத்திற்கு முன்னறிவித்தல் இன்றி ஒருமுறை போய் வாருங்கள். படிவத்தின் கேள்விகள் உங்கள் கண்களைத் திறக்கும். பரிசு கிடையாவிடினும் அப்பயணம் வீண்போகாது. பயனடைந்தோர் தொகையைப் பெருக்கி எழுதாதீர்கள். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள் நாள்தோறும் நல்ல தண்ணீர் அருந்துவது சிறிய செய்தியன்று. நேர்ந்த தவறு யாது, அதனை எவ்வாறு திருத்தினோம் என்பதற்கும் ஒரு பந்தி ஒதுக்குங்கள். தன் தவறு தெரிந்த மாணவனின் விடைத்தாளை எந்த நல்ல பரீட்சகனும் மதிப்பான். விருது தருபவர் யார், நடுவர் யார், அவர்கள் நேரில் வந்து பார்க்கின்றனரா, நுழைவுக் கட்டணமும் விருந்து மேசைக் கட்டணமும் எவ்வளவு என்பவற்றையும் விசாரித்துக் கொள்ளுங்கள். பணம் கட்டிய யாவர்க்கும் ஏதோ ஒரு பரிசு உண்டு என்னும் விருதுகளும் உலகில் இல்லாமல் இல்லை.

உதவி பெறும் அதிபர்க்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு சொல். நன்றி வேறு, சான்று வேறு. நன்றியைத் திறப்பு விழா அன்றே மனமாரச் சொல்லுங்கள். சான்றினை ஓராண்டு கழித்து, கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள்.

நடுவராய் அமர்வோர்க்கு இந்தியாவின் சட்டவிதி ஒன்று நல்ல வழிகாட்டியாகும். 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தினால் அங்கே குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கினைச் சமூகப் பணிக்குச் செலவிடல் வேண்டும். 2021இல் வந்த திருத்தத்தின்படி, பெருந்தொகை செலவிடும் நிறுவனங்கள், தம் பெரிய திட்டங்களின் விளைவை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுவித்தல் வேண்டும். அதுவும் திட்டம் முடிந்து ஓராண்டாயினும் சென்ற பின்னரே மதிப்பிடலாம். பந்தல் பிரித்த பின்னர் வந்து பார் என்பதே அவ்விதியின் சாரம்.

இனி, தம்பியின் கதை. கொழும்புக்குத் திரும்பிய அவர், கண்டதை மறையாது தம் மேலதிகாரியிடம் கூறினார். "தோல்வியை எழுதியா பரிசு கேட்பது?" என்று அவர் சினந்தாராம். விண்ணப்பம் அவ்வாண்டு போகவில்லை. தம்பிக்கு அலுவலகத்திற் சில மாதங்கள் முகம் கொடுப்பாரும் இருக்கவில்லை. எனினும் அவர் ஓயவில்லை. நுழைவுக் கட்டணத்திற்கும் விருந்துக்கும் ஒதுக்கியிருந்த தொகையையாவது தாருங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பெற்றார். புதிய சவ்வும் வடிகளும் வந்தன. அருகிலுள்ள பட்டினத்துத் தொழில்நுட்பவியலாளர் ஒருவரோடு ஆண்டுக்கு நான்குமுறை வந்து பார்ப்பதாக உடன்படிக்கை செய்துகொண்டனர். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தது. அறைக் கதவில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, என்று எது மாற்றப்பட்டது, மாற்றியவர் யார் என்பதை விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையில் மாணாக்கரே எழுதி வருகின்றனர்.

இவ்வாண்டு விண்ணப்பம் போயிற்று. ஏழு மாதம் இயந்திரம் நின்ற செய்தியும் அதிலே இருந்தது. 'பயனடைந்தோர்: 310' என்று இருந்தது. பரிசு கிடைத்ததா என்று வாசகர்கள் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. ஆறுதற் சான்றிதழேனும் வரவில்லை என்று தம்பி சென்ற மாதம் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கப் போகிறாராம்.

என் நண்பரான அதிபரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. கொப்பியிலே நான்காவது கையொப்பம் விழுந்துவிட்டது என்றும், அடுத்த தவணைக்குரிய வடிகள் இன்னும் வந்து சேரவில்லை, தம்பிக்கு நினைவூட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தார். மூன்றாவது கடிதம் எழுத அஞ்சிய அதே மனிதர்! தம்பி இனிப் படம் எடுக்க வருவதாயின் இடைவேளை மணிக்கு வரட்டும், அப்போதுதான் பிள்ளைகள் எல்லாரும் குழாயடியில் நிற்பார்கள் என்று கடிதத்தை முடித்திருந்தார்.